உள்பக்கம் திறக்கும் கதவு

சாந்தகுமாரி போன மாதம் இறந்துபோனாள். ஐம்பத்தொரு வயது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், கடைசி எட்டு மாதம் வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். அவளுடைய சர்ச் சபையில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதற்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி அவள் தம்பி ஜெயசீலன் என்னிடம் வந்து கேட்டான். 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று தலைப்பையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எப்போதும் சிரித்த முகம் என்று ஒரு வரி வர வேண்டுமாம். ஊனத்தை ஒரு குறையாகவே நினைக்காதவள் என்று இன்னொரு வரி வர வேண்டுமாம்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவளோடு ஒரே பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். சிரித்த முகமாவது ஒன்றாவது! திங்கட்கிழமை காலையில் அவள் பக்கம் போகவே பயப்படுவோம். ஊனத்தைக் குறையாக நினைக்கவில்லையா? நினைத்தாள். தினமும் நினைத்தாள். வாய் திறந்து சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

அவள் சொல்லாமல் விட்டதும் கடைசியில் நான் சொல்லாமல் விட்டதும் சேர்ந்துதான் ரயில் பெட்டிகளில் ஒரு கதவு தப்பாகவே நின்றுவிட்டது. அந்தக் கதவை மாட்டியவன் நான். கோவிந்தராஜன், கார்ப்பெண்டர். இதை எழுதினால் மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் போகட்டும்.

எங்கள் பட்டறை புனேவில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. பெயர் வேண்டாம். இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிக் களைத்த பயணிகள் பெட்டிகள் வரும். இருக்கைகளைப் பிடுங்கி, துருப்பிடித்த தரையை அறுத்து எடுத்து, புதுப் பலகை போட்டு, பெயின்ட் அடித்து அனுப்புவோம். சாந்தகுமாரி 1984-ல் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது. ஒல்லியான உடம்பு. வலது காலில் இடுப்புவரை காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர், இடது காலும் பாதி பலம்தான், இரண்டு அக்குளிலும் கட்டை. ஆனால் தோள் இரண்டும் எங்கள் சம்மட்டிக்காரனுக்கு இருப்பதுபோல இருக்கும்.

இரண்டரை வயதில் வந்த போலியோ. அப்பா டேனியல் கிர்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பூர்வீகம் அரக்கோணம் பக்கம். குவார்ட்டர்ஸ் முதல் மாடியில். பதினெட்டுப் படி. தூக்கிக்கொண்டு போகிறேன் என்று வந்த அக்கம்பக்கத்தாரை எல்லாம் அவள் அம்மா பவுன் விரட்டிவிட்டாளாம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காதே, யாரிடமும் முடியாது என்று சொல்லாதே. இதுதான் அந்த வீட்டுச் சட்டம். எட்டு வயதில் சாந்தகுமாரி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தொங்கிப் பதினெட்டுப் படியும் ஏறினாள். இதை அவளே எனக்குச் சொன்னபோது பெருமையாகத்தான் சொன்னாள்.

ஸ்டோர்ஸில் அவளிடம் சாமான் வாங்குவது லேசில்லை.

"இன்னா அண்ணே, நேத்துதான் ரெண்டு டப்பா ஸ்க்ரூ வாங்கிக்கினு போனீங்க. ஸ்க்ரூ இன்னா சோறா, அள்ளி அள்ளிப் போடறதுக்கு?"

"பழைய ஓட்டையில நிக்க மாட்டேங்குதும்மா."

"அப்போ ஓட்டையைக் கொண்டாந்து காட்டுங்க."

இப்படித்தான் பேசுவாள். மராத்திக்காரர்களிடம் மராத்தியில், மற்றவர்களிடம் இந்தியில், எங்களிடம் இந்தத் தமிழில். சண்டை போட்டுவிட்டு இரண்டு ஸ்க்ரூ அதிகமாகவே தருவாள்.

ஒரு விஷயம் மட்டும் கூட இருந்த எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. அவள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டாள். பெண்களுக்கான கழிவறை மூன்று தண்டவாளம் தாண்டி அந்தப் பக்கம் இருந்தது. காலையில் ஆறு மணிக்கு அரை டம்ளர் டீ, பிறகு மாலை வீடு போய்ச் சேர்ந்தபின்தான் வாயை நனைப்பாள். மே மாத வெயிலிலும் அப்படியே. ஊருக்குப் போவதென்றால் முந்தைய நாள் மத்தியானத்திலிருந்தே நிறுத்திவிடுவாள். நம் வீட்டுப் பெண்கள் எல்லோருமே ரயில் ஏறும் நாளில் கொஞ்சம் அப்படித்தானே என்று நானும் விட்டுவிட்டேன். எனக்கு என்ன வந்தது?

ஊனமுற்றோருக்கான சட்டம் வந்து இரண்டு வருடம் கழித்து, 1997-ல், எங்களுக்குப் புது உத்தரவு வந்தது. பழைய பெட்டிகளில் ரயில் கார்டின் அறையை ஒட்டிய ஒரு பகுதியை ஊனமுற்றோருக்கென்று மாற்ற வேண்டும். ஏறும் கதவை அகலமாக்க வேண்டும். சக்கர நாற்காலி நிற்க இடம் விட வேண்டும். கழிவறையைப் பெரிதாக்கி, உட்கார்ந்து போகிற மாதிரி பீங்கான் கோப்பை வைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட வேண்டும். வரைபடம் மேலிடத்திலிருந்து வந்தது. அதில் கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது என்று இருந்தது. வெளியே திறந்தால் நடையில் போகிறவர்கள்மேல் இடிக்குமாம். யாரோ யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நான் கீல் வைத்துக் கதவை மாட்டினேன்.

முதல் பெட்டி முடிந்ததும் சோதனை. கோட்டு போட்ட அதிகாரிகள் இரண்டு பேர், எங்கள் ஃபோர்மன், போட்டோ எடுக்க ஒருவன், நான், இன்னும் ஒருவர். பயன்படுத்துகிற ஆள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. பட்டறைக் கணக்கில் இருந்த ஒரே ஊனமுற்ற ஆள் சாந்தகுமாரி. கூப்பிட்டார்கள். அவள் இஸ்திரி போட்ட காட்டன் புடவையில் வந்தாள்.

பிளாட்பாரத்திலிருந்து பெட்டிக்குள் ஏறச் சொன்னார்கள். கட்டையை உள்ளே எறிந்துவிட்டு, கம்பியைப் பிடித்து ஒரே மூச்சில் ஏறி நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் புதுக் கதவும் வேண்டாம், பழைய கதவும் வேண்டாம். ஜன்னல் வழியாகக்கூட ஏறியிருப்பாள். வாழ்நாள் முழுக்க அவளுக்கென்று யாரும் எதையும் அகலப்படுத்தவில்லை. அதனால் குறுகலான எல்லாவற்றிலும் நுழையக் கற்றிருந்தாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து 'இது வசதியாக இருக்கிறதா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? எங்கள் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

பிறகு கழிவறை. ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்த ஒரு காலி சக்கர நாற்காலியை நானே உள்ளே தள்ளினேன். போனது. கால் வைக்கும் தட்டு கோப்பைக்கு அடியில் நுழைந்துகொண்டது. கதவைச் சாத்தினேன். நூல் இடைவெளியில் சாத்திக்கொண்டது. காகிதத்தில் டிக் போட்டார்கள். நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் அவருக்கு முழங்காலும் பாதமும் இருக்கும், அவை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் என்பது எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

"மேடம், ஆப் பீ தேக் லீஜியே," என்று அவளையும் பார்க்கச் சொன்னார் அதிகாரி.

வாசலில் ஆறு ஆண்கள். ஒருவன் கையில் கேமரா. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். இடது கையால் கம்பியைத் தொட்டு அசைத்துப் பார்த்தாள். உள்ளே போகவில்லை, கோப்பையில் உட்காரவில்லை, கதவைச் சாத்திப் பார்க்கவில்லை. ஆறு ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு எந்தப் பெண் போய் அதைச் செய்வாள்? எங்கள் வீட்டில் யாரும் செய்யமாட்டார்கள். தவிர, ஓடும் ரயிலில் கழிவறைக்குப் போய் அவளுக்குப் பழக்கமே இல்லை. அதில் என்ன பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது.

"டீக் ஆஹே," என்றாள். நன்றாக இருக்கிறது என்று மராத்தியில் சொல்லிவிட்டு, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பெயருக்குக் கீழே 'பயன்படுத்துவோர் பிரதிநிதி' என்று டைப் அடித்திருந்தது. அவள் ஏறும் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அப்புறம் ஒவ்வொரு தொகுதி பெட்டிக்கும் அவள் கையெழுத்து வேண்டியிருந்தது. ஒரு காகிதம் ஸ்டோர்ஸுக்கே வந்துவிடும். அவளும் போட்டு அனுப்புவாள். பிறந்ததிலிருந்து அவளிடம் ஒருத்தரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. முதல்முறை கேட்டபோது முடியாது, சரியில்லை என்றெல்லாம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

2003-ல் அவள் தோள் போய்விட்டது. முதலில் வலது, ஆறு மாதத்தில் இடது. கால் செய்ய வேண்டிய வேலையை நாற்பது வருடமாகத் தோள் செய்திருக்கிறது, இனிமேல் செய்யாது என்று டாக்டர் சொன்னார். ஒருநாள் ஸ்டோர்ஸில் இரண்டாவது தட்டிலிருந்து ஒரு தாழ்ப்பாள் டப்பாவை எடுக்க முடியாமல் கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நின்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் ஸ்க்ரூவுக்குக்கூடச் சண்டை போடவில்லை. அடுத்த வருடம் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். ஜெயசீலன் ஆகுர்டியில் தரைத்தளத்தில் வீடு பார்த்து அம்மாவையும் அவளையும் குடிவைத்தான்.

2005-ல் அரக்கோணத்தில் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம். ஜெயசீலனுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. "நம்ம பெட்டி இருக்குதே, அதுல போய்க்கிறோம்," என்று சொல்லிவிட்டு அம்மாவோடு கிளம்பினாள். நம்ம பெட்டி என்றுதான் சொன்னாள். திரும்பி வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீர்த்தாரையில் தொற்று என்று சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்த அன்று என்னை ஸ்டோர்ஸுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பெட்டிங்கள்ல கக்கூஸ் கதவு நீங்க வெச்சதுதானே?"

"ஆமா. ஏன்?"

"அது உள்ள தொறக்குது."

"டிராயிங்ல அப்படித்தாம்மா இருக்குது."

"நாற்காலியில ஒரு ஆளு உள்ள போனா சாத்த முடியலை. ஒரு சாண் நிக்குது. முழங்கால் போய் முன்னால இடிச்சிக்குது."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னாள்.

வழக்கம்போல முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் தோள் வலிக்கு மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. மாத்திரைக்காக இரண்டு முறை டம்ளர் டம்ளராகக் குடித்திருக்கிறாள். ஊனமுற்றோர் பெட்டியில் ஊனமுற்றவள் அவள் ஒருத்திதான். அம்மாவைத் தவிர மற்ற பதினோரு பேரும் இடம் காலியாக இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்த ஆண்கள். சோலாப்பூர் தாண்டியதும் தாங்க முடியாமல் நாற்காலியை உள்ளே விட்டிருக்கிறாள். கதவு சாத்தவில்லை. எதிரே பதினோரு பேர். பவுனம்மாவுக்கு எழுபது வயது. மகளைத் தூக்கி உட்கார வைப்பதா, வாசலில் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? இரண்டு கைதானே இருக்கிறது. பதினோரு பேரில் யாரையும் வெளியே போகச் சொல்ல அந்த இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

"வாடி ஜங்ஷன் வரைக்கும் அடக்கிப் பாத்தேன். அப்பால முடியலை. புடவையோட ஆயிடுச்சி. அரக்கோணம் வரைக்கும் அதுலயேதான் குந்திக்கினு போனேன். எதிர்ல இருந்தவன் ஜன்னலைத் தொறந்து உட்டான்."

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. குரல் மட்டும் அவள் குரலாக இல்லை.

"அந்தக் கதவு சரின்னு நான்தான் அண்ணே கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணு ரெண்டு இல்லை. எட்டு வருசமா போட்டிருக்கேன். எத்தினி பொம்பளைங்க என் கையெழுத்துல இப்படி குந்திக்கினு போனாங்களோ?"

அப்போது யார்டில் பதினான்கு பெட்டிகள் வேலையில் இருந்தன. மார்ச் கடைசிக்குள் வெளியே போக வேண்டும். அந்தப் பதினான்கிலாவது கதவைத் திருப்பி வைக்க வேண்டும், அதற்குமுன் தன் கையெழுத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். கீலைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்ட எனக்கு ஒரு கதவுக்கு அரைநாள் வேலை. ஆனால் மேலிடத்து அனுமதி இல்லாமல் ஒரு ஆணி அடிக்க முடியாது.

முதல் கடிதத்தில், கழிவறைக் கதவினால் சக்கர நாற்காலிப் பயணிகளுக்கு அசௌகரியம் ஏற்படுகிறது என்று எழுதினாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இதுவரை பயணிகளிடமிருந்து புகார் ஏதும் இல்லை, அசௌகரியம் என்ன என்று குறிப்பிட்டு எழுதவும். அந்தக் காகிதத்தை இரண்டு நாள் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் குறிப்பிட்டு எழுதினாள். சோலாப்பூரிலிருந்து அரக்கோணம் வரை என்ன நடந்ததோ அத்தனையும், தன் பெயர் போட்டு, இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாக.

ஆபீஸ் காகிதம் ஒரு மேஜையில் நிற்குமா? கிளார்க்கிடமிருந்து டைப்பிஸ்ட், டைப்பிஸ்டிடமிருந்து பியூன். ஒரே வாரத்தில் கேட்டுக்கு வெளியே டீக்கடை வரை போய்விட்டது. ஒருத்தன் அவள் நாற்காலி போகும்போது மூக்கைப் பொத்திக் காட்டினான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. வீரம் காட்டினேனே தவிர அதனால் ஒரு கதவும் திரும்பவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டும் கேட்காதவள் மாதிரி பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். யார்டில் இருந்த பெட்டிக்குள் நாற்காலியைக் கொண்டுபோய், நானே அதில் உட்கார்ந்து, கதவைச் சாத்திப் பார்த்தேன். சாத்தவில்லை. ஃபோர்மனைக் கூட்டிவந்து காட்டினேன்.

"ஏய் கோவிந்தா, நீ ஆறடி ஆள். உன் காலுக்குக் கதவு செய்தால் பெட்டியை விட்டு வெளியே போய்விடும்," என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஊனமில்லாதவன் செய்யும் சோதனை செல்லாது என்று விதியையும் எடுத்துக் காட்டினார்.

கடைசியில் 2006 மார்ச் மாதம் மறுசோதனைக்கு உத்தரவு வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். முப்பது வயதிருக்கும். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, அவள் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. சோதனையின்போது கூட இருக்கப் பெண் ஊழியர் யாராவது உண்டா என்று கேட்டார். பட்டறையில் அவளைத் தவிர இருந்த ஒரே பெண் துப்புரவு வேலை செய்யும் லீலா. அவள் பிரசவ லீவில் இருந்தாள். இன்னொரு நாள் வைக்கலாமா என்றார் அதிகாரி.

"நஹி சாப். ஆஜ் ஹீ," என்றாள் சாந்தகுமாரி. இன்றைக்கே. மார்ச் முடிய எட்டு நாள்தான் இருந்தது.

காலை பதினோரு மணி. நல்ல வெளிச்சம். பெட்டிக்குச் சாய்வுப் பலகை போட்டு நான் அவளை மேலே தள்ளிக்கொண்டு போனேன். கழிவறை வாசலில் அதிகாரி, ஃபோர்மன், இரண்டு கிளார்க்குகள், இன்னொரு ஃபிட்டர், நான். ஆறு பேர்.

அவள் தானே சக்கரத்தை உருட்டி உள்ளே போனாள். முழங்கால் கோப்பையில் இடித்து நின்றது. கையைப் பின்னால் வளைத்துக் கதவை இழுத்தாள். அந்தத் தோளோடு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கதவு சக்கரத்தில் இடித்து 'டக்' என்று நின்றது.

"சாப், தேக்கியே. பந்த் நஹி ஹோதா." பாருங்கள், சாத்தவில்லை என்றாள்.

இன்னும் நெருங்கிப் போனால் சாத்துமோ என்று யாரும் பின்னால் சொல்லிவிடக் கூடாதே. அதற்காக உடம்பைத் தூக்கி முன்னால் தள்ளினாள். புடவை காலிப்பரில் மாட்டிக்கொண்டு தொடைவரை ஏறிவிட்டது. அந்தக் கால் வெளியே தெரிந்தது. என் மணிக்கட்டுப் பருமன்தான் இருக்கும்.

ஆறு பேரும் திரும்பிக்கொண்டோம். சொல்லிவைத்த மாதிரி, ஒரே நேரத்தில். அதிகாரி ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்தார். ஃபோர்மன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். நல்ல குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்? பின்னால் அவள் கதவை இழுக்கும் சத்தம் கேட்டது. டக். மறுபடியும் டக்.

"தேக்கியே நா, சாப். தேக்கியே." பாருங்கள் பாருங்கள் என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஹாங், ஹாங். டீக் ஹை மேடம். பஸ், ஹோ கயா," என்றார் அதிகாரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. சரி, முடிந்தது, போதும் என்கிறார்.

நான் பார்த்தேன். ஒரு நொடி தலையைத் திருப்பிப் பார்த்தேன். கதவு ஒரு சாண் திறந்து நின்றது. அந்தச் சாண் இடைவெளியில் அவள் வேர்த்த முகம் தெரிந்தது. அவள் என்னைக் கவனித்தாளா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் திரும்பிக்கொண்டேன்.

அவளை வெளியே கொண்டுவந்து, புடவையைச் சரிசெய்து முடிக்கும்வரை எல்லோரும் பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். அதிகாரி படிவத்தை எடுத்தார். கதவு சாத்தவில்லை என்பதை நேரில் கண்டவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். தான் பார்க்கவில்லை என்று அவரே முதலில் சொன்னார். பார்க்காததை எழுத மாட்டேன் என்றார். அவர் பொய் சொல்லாதவர், அதுதான் தொல்லை. பிறகு நீங்கள் பார்த்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். "ஆப்னே தேகா?"

ஃபோர்மன், ஐயோ, ஒரு பெண்பிள்ளை உள்ளே இருக்கும்போது எப்படிப் பார்ப்பேன் என்றார். கிளார்க்குகள் தலையாட்டினார்கள். ஃபிட்டர், நான் அப்படிச் செய்வேனா என்கிற மாதிரி காதைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அது ஒரு யோக்கியதைப் பத்திரம் மாதிரி இருந்தது. கடைசியில் என்னிடம் வந்தார்.

"கோவிந்தராஜன், ஆப்னே?"

பார்த்தேன் என்று சொன்னால் என்ன அர்த்தம்? ஐந்து பேர் கண்ணியமாகத் திரும்பி நின்றபோது நான் ஒருவன் மட்டும் அவள் புடவை விலகியதைப் பார்த்தேன் என்று அர்த்தம். நாளைக்கு டீக்கடையில் அவள் பெயரோடு என் பெயரும் சேர்ந்து அடிபடும். பவுனம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஜெயசீலன் என்ன நினைப்பான்? அவளே என்ன நினைப்பாள்? அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். கடவுள் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"நஹி சாப்," என்றேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். குறைபாடு ஏதும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி ஒரு சோதனை வைக்க நேரம் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதினான்கு பெட்டிகளும், நான் மாட்டிய பதினான்கு கதவுகளோடு, யார்டை விட்டுப் போய்விட்டன. அந்த வருடமே அவளும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ரயில் ஏறவே இல்லை.

அன்றைக்கு எல்லோரும் போன பின்னால் நாற்காலியை ஸ்டோர்ஸ்வரை தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே போய் மேஜைக்கு முன்னால் நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள். கோபமாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க பாத்தீங்கதானே அண்ணே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்தேன்னு சொல்லியிருக்கலாம். பாக்கறதுக்குத்தானே நான் அப்படி குந்திக்கினு இருந்தேன்."